கண்ணாடி மண்டபத்துக்குள் வந்த சட்டியும் மூடியும்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

"பழைய அரண்மனைக்குள்ளே புதுக் கலையை வைக்கிறது பெருமையா, சிறுமையா?" பெருமையேன்னு பேச வந்திருக்கேன். எதிரணித் தலைவர் அண்ணன், பிரான்ஸ் நாட்டு வெர்சாய் அரண்மனையை எடுத்துக்கிட்டு ரெண்டு கேள்வி போட்டார். ஒண்ணு, "கட்டின பதினாலாம் லூயி வந்து பார்த்தா மனசு தாங்குமா?" அங்கே சட்டி மூடியால செஞ்ச சிற்பத்தை வச்சதைப் பத்தின ரெண்டாவதுக்குத்தான் நீங்க கைதட்டினீங்க: "சட்டியையும் மூடியையும் பார்க்க வெர்சாய் எதுக்கு? எங்க தெருமுனைப் பாத்திரக் கடை போதுமே!"

முதல்ல லூயி. பெர்னினின்னு ரோம் நகரத்துச் சிற்பி, அந்தக் காலத்துல முதல் வரிசை ஆள். லூயி குதிரை மேல உட்கார்ந்திருக்கிற மாதிரி சலவைக்கல்லுல ஒரு சிலை செஞ்சார். 1685-ல அது வெர்சாய்ல வந்து இறங்குது. சிற்பி செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. ராஜா வந்தார், பார்த்தார், பிடிக்கலை. உடைச்சுப் போடுற அளவுக்குக் கோபம். அப்புறம் ஜிரார்தோன்ங்கிற சிற்பியை விட்டு முகத்தை மாத்த வச்சாங்க. குதிரை வயித்துக்குக் கீழே தீ ஜுவாலை செதுக்கினாங்க. ராஜா மறைஞ்சு போய், நெருப்புக்குள்ளே பாயிற மார்க்கஸ் கர்ட்டியஸ்ங்கிற ரோமானிய வீரன் ஆயிட்டார். கடைசியில அந்தச் சிலைக்குக் கிடைச்ச இடம் தோட்டத்தைத் தாண்டி ஒரு ஏரிக்கரை.

நல்லா யோசிச்சுப் பாருங்க. அவர் சிலை, அவர் காசு, அவர் முகம். அந்த முகத்தையே எடுக்க வச்சார்! ஏன்? அவர் கண்ணுக்கு அது பழகலை. அன்னைக்குப் புதுக் கலைன்னா அதுதான்.

கதை இன்னும் முடியலை. அதே சிலைக்கு ஈயத்துல ஒரு நகல் எடுத்தாங்க. அது இப்ப எங்கே நிக்குது? பாரிஸ்ல, இன்னொரு பழைய அரண்மனையான லூவ்ர் முற்றத்துல, கண்ணாடிப் பிரமிடுக்குப் பக்கத்துல. ஐ.எம். பெய் வடிவமைச்ச அந்தப் பிரமிடு 1989-ல திறந்தது. "அரண்மனை முகத்துல இது என்ன கண்ணாடிக் கூடாரம்"னு அதையும் வைதாங்க. ராஜா வேண்டாம்னு தள்ளின குதிரையும் ஊர் வைத பிரமிடும் ஒண்ணா நிக்குது, ஜனம் வரிசை கட்டிப் படம் எடுக்குது. லூயிக்குப் பிடிக்குமான்னு கேட்டீங்களே அண்ணே, பதில் அங்கே நிக்குது.

இப்ப பாத்திரக் கடை. இதை நான் லேசுல விடப்போறதில்லை.

வெர்சாய்ல 2008-ல ஜெஃப் கூன்ஸ்ங்கிற அமெரிக்கக் கலைஞரை வச்சுப் புதுக் கலைக் கண்காட்சி வரிசை ஒண்ணு ஆரம்பிச்சுது. அதுல முதல் பெண் கலைஞர், 2012-ல வந்த ஜோனா வாஸ்கொன்செலோஸ். போர்ச்சுக்கல்காரர். கண்ணாடி மண்டபத்துல அவர் வச்சது ஒரு ஜோடி குதிகால் செருப்பு. ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் நீளம். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டி, மூடி. அந்த மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடி. கிட்டப் போய்ப் பார்த்தா ஒவ்வொரு மூடியோட குமிழ் வளைவுலயும் மேற்கூரை ஓவியம் குட்டியா வளைஞ்சு நிக்கும், பக்கத்துலயே பார்க்கிறவங்க முகமும் தெரியும். கடையில அடுக்கி வச்சா இது நடக்குமாண்ணே?

"தரை கெட்டுப் போகும்"னும் சொன்னீங்க. கணக்குப் போடுவோம். உதாரணத்துக்கு 1,000 கிலோ சிற்பம், நாலு கால், ஒவ்வொரு காலும் 5-க்கு 5 சென்டிமீட்டர். அப்படியே வச்சா ஒரு சதுர சென்டிமீட்டர் மேல 10 கிலோ ஏறும். பழைய ஓக் மரத் தரையில அவ்வளவு பாரத்தை ஒரே இடத்துல குவிய விடக்கூடாது. அதனால அடியில கம்பளி விரிச்சு, மேல பிளைவுட், அதுக்கு மேல கனமான இரும்புத் தகடு. ஒரு காலோட 250 கிலோவும் ஒரு சதுர மீட்டருக்குப் பரவினா, சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 25 கிராம். ஆனா தகடு மெல்லிசா இருந்தா வளையும், பாரம் திரும்பவும் கால் கிட்டயே குவியும். தப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். தள்ளிக்கிட்டு வர்ற வண்டியோட சின்னச் சக்கரமும் அதே ஆபத்துதான்.

சுவத்துல ஆணி கூடாது. பழைய கண்ணாடிக்குப் பின்னாடி பூசினது பாதரசம் கலந்த வெள்ளீயம், சூடும் ஈரமும் அதுக்கு ஆகாது, அதனால விளக்கைத் தள்ளி வைக்கணும். மண்டபத்தை மட்டும் அளந்தா போதாது, வர்ற வழியில ரொம்பக் குறுகலான கதவு எதுவோ அதைத்தான் முதல்ல அளக்கணும். பெரிய சிற்பம்னா துண்டு துண்டா கொண்டுவந்து உள்ளே வச்சுத்தான் போல்ட் முடுக்கணும். இவ்வளவு பயபக்தியோட செய்யற வேலைக்கா சிறுமைன்னு பேரு? மும்பையில பிறந்த சிற்பி அனிஷ் கபூர் 2015-ல வெர்சாய்ப் புல்வெளியில 60 மீட்டர் இரும்புக் குழல் வச்சார். அது மேல பெயிண்ட் அடிச்சாங்க, யூத வெறுப்பு வாசகம் எழுதினாங்க. அடிபட்டது புதுக் கலைதான், அரண்மனை இல்லை.

வாஸ்கொன்செலோஸ், மாதவிடாய்ப் பஞ்சான டாம்பன்களைக் கோத்துச் செஞ்ச சரவிளக்கு ஒண்ணும் உண்டு. அதை அரண்மனை அனுமதிக்கலை. என்னைக் கேட்டா, அதுவும் தொங்கியிருக்கணும்.

சட்டிக்கே வர்றேன். 1789 அக்டோபர் 5. பாரிஸ்ல ரொட்டி இல்லை. சந்தைப் பொம்பளைங்க கிளம்பினாங்க. கொட்டுற மழையில, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடந்தே வெர்சாய்க்குப் போனாங்க. பிள்ளைக்குப் போட ரொட்டி கேட்டுப் போனாங்க. மறுநாள் ராஜா குடும்பத்தைப் பாரிஸுக்குக் கையோட கூட்டிக்கிட்டுத்தான் திரும்பினாங்க. அதுக்கப்புறம் எந்த ராஜாவும் அங்கே குடியிருக்கலை. காலிச் சட்டியை வீட்டுல விட்டுட்டு வந்தவங்களை அன்னைக்கு வாசல்ல காவலாளிங்க மறிச்சாங்க. 223 வருஷம் கழிச்சு அந்தச் சட்டி அழைப்போட உள்ளே வந்து, ராணிங்க நடந்த தரையில, ராணிங்க முகம் பார்த்த கண்ணாடி முன்னாடி நின்னுச்சு. பகல் முழுக்க அடுப்படி, சாயங்காலம் சிரிச்ச முகம், ரெண்டையும் ஒரே கால்ல சுமக்கிற பொண்ணோட செருப்பு அது.

நடுவர் மணி மேல கை வச்சுட்டார், ஒரே வார்த்தை. காலையில அண்ணனுக்கு இட்லி அவிச்ச பானையைக் கழுவிக் கவுத்துட்டு வந்து, கடைசி வரிசையில அண்ணி உட்கார்ந்திருக்காங்க. அண்ணி, அந்த மூணு மீட்டர் செருப்பு உங்க கால் அளவு.

வணக்கம்.