மாலை யாருக்கு?

(தென்னாப்பிரிக்க மகளிர் தினத்தையொட்டி டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நடந்த கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் ஏறக்குறையப் பேசியபடியே தந்திருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கோவில் நிர்வாகக் குழுத் தலைவர் ஐயா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களே, காவல் நிலையத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அம்மா அவர்களே, கால்பந்து, கிரிக்கெட் சங்கங்களின் செயலாளர்களே, மகளிர் அணியின் அக்கா தங்கைகளே, காலை முதல் பின்னால் பிரியாணிப் பானையோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் பெயர் விட்டுப்போனால் அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சு இருக்கும் என்று எனக்குத் தெரியும். கவுன்சிலர் அவர்கள் இந்த மண்டபத்துக் கூரைக்காக எடுத்த முயற்சிக்கு எல்லார் சார்பிலும் நன்றி. மேடையின் இடது பக்கம் மட்டும் இன்னும் ஒழுகுகிறது, அதையும் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். தமிழ் புரியாத பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுங்கள்.

1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் ஊர்வலம் போன இருபதாயிரம் பெண்களை நினைத்துத்தான் இந்த நாளைக் கொண்டாடுகிறோம். அந்த ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களில் ரஹிமா மூசாவும் ஒருவர். அதற்கும் நாற்பது வருடங்களுக்கு முன்னால் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து உயிரை விட்ட தில்லையாடி வள்ளியம்மை நம் பிள்ளை. சரி, இவர்களைப் பற்றி நிறையப் பேர் பேசியாயிற்று. எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. மனைவியை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட விளையாட்டு வீரர்களை லீக்குகள் எப்படித் தண்டிக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, உலகத்தின் பெரிய லீக்குகள் என்ன செய்கின்றன. இரண்டு, அந்தத் தண்டனை யார் தலையில் விழுகிறது. மூன்று, ரசிகர்களாகிய நாம்.

என் ஆயா ஒரு பழமொழி சொல்லுவார். முள்ளின் மேல் சேலை விழுந்தாலும், சேலையின் மேல் முள் விழுந்தாலும், கிழிவது சேலைதான். இன்றைக்கு இதைப் பல தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ரே ரைஸ் என்று ஒரு ஆட்டக்காரர், பால்டிமோர் ரேவன்ஸ் அணி. 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதி லிஃப்டுக்குள் தன் வருங்கால மனைவியை அடித்தார். நினைவில்லாமல் கிடந்த அந்தப் பெண்ணை லிஃப்டிலிருந்து வெளியே இழுத்துப் போடும் படம் அப்போதே எல்லார் கண்ணிலும் பட்டது. லீக் என்ன செய்தது? ஜூலை மாதம் இரண்டே இரண்டு ஆட்டத்துக்குத் தடை போட்டது. அதே லீக்கில் அந்தக் காலத்தில் கஞ்சா விவகாரத்துக்கு மாதக்கணக்கில் வெளியே உட்கார வைத்தார்கள். ஊர் சிரித்ததும், இனி முதல் தப்புக்கு ஆறு ஆட்டம் என்று ஆகஸ்டில் கமிஷனர் ரோஜர் குடெல் விதியை மாற்றினார். செப்டம்பரில் லிஃப்டுக்குள் எடுத்த படமும் வெளியே வந்தது. அன்றைக்கே அணி அவரை அனுப்பிவிட்டது, லீக் காலவரையற்ற தடை போட்டது. நவம்பரில் ஒரு முன்னாள் நீதிபதி, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கூடாது என்று அந்தத் தடையை ரத்து செய்தார். அதற்குப் பிறகும் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அடி என்னவோ பிப்ரவரியில் விழுந்ததுதான். செப்டம்பரில் அதைப் படமாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் என் மனதை உறுத்துவது இன்னொன்று. அந்தப் பெண் அதற்குள் அவரைக் கல்யாணம் செய்திருந்தார். மே மாதம் இருவரையும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார வைத்தார்கள். அடி விழுந்த அந்த இரவில் தனக்கிருந்த பங்குக்கு அந்தப் பெண் வருத்தப்படுகிறார் என்று அணியே ட்விட்டரில் செய்தி போட்டது. அடி வாங்கியவருக்கு அதில் என்ன பங்கு? கிழிவது சேலைதான்.

கிரிக்கெட்டைப் பார்ப்போம், நம் பிள்ளைகளுக்கு அதுதானே உயிர். நம் நாட்டுக் கேப்டன் ஹான்சி குரோனியே சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கினார் என்று தெரிந்ததும் 2000-இல் ஆயுள் தடை. சரியான தண்டனை, யாரும் குறை சொல்லவில்லை. 2018-இல் இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி மீது அவர் மனைவி புகார் கொடுத்தார். ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். உண்மை எது என்று நான் பேச வரவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் கிரிக்கெட் வாரியம் என்ன செய்தது பாருங்கள். ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. அந்தப் புகாரில் பணம் வாங்கியதாக இருந்த பகுதியை மட்டும் ஊழல் தடுப்புப் பிரிவிடம் கொடுத்து விசாரித்தது. அதில் ஒன்றும் இல்லை என்றதும் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வீட்டில் அடி விழுந்ததா என்ற கேள்வி வாரியத்தின் மேசைக்கே வரவில்லை.

இப்போது நம் ஊர்க் கதை ஒன்று. பெரியவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும், பெயரை மட்டும் சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள்.

எண்பதுகளில் இங்கே ஒரு கால்பந்து கிளப். ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடுவார்கள். கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு, நம்பர் 9, பந்தை எடுத்தால் ஊரே எழுந்து நிற்கும். சட்டதிட்டத்தில் கிளப் மகா கண்டிப்பு. ரெஃப்ரியைத் திட்டினால் இரண்டு வாரம் தடை. சந்தா கட்டாவிட்டால் ஒரு வாரம். காலுறை இல்லாமல் வந்தால் இரண்டு ராண்ட் அபராதம். நம்பர் 9 எல்லாவற்றிலும் மாட்டியிருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி அவர் வீட்டிலிருந்து வரும் சத்தம் மட்டும் எந்த விதியிலும் இல்லை. கேட்டால், "வீட்டு விஷயம், நமக்கு எதுக்கு?"

ஆட்டம் முடிந்ததும் எல்லார் ஜெர்சியும் ஒரே கான்வாஸ் பையில் அவர் வீட்டுக்குத்தான் போகும். துவைப்பது அவர் மனைவி. வாஷிங் மெஷின் கிடையாது. கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரு கட்டை சன்லைட் சோப்பு. வெள்ளிக்கிழமைக்குள் இஸ்திரி போட்டு, எண் வரிசைப்படி மடித்து வைத்திருப்பார். சம்பளம் இல்லை, நன்றி கூட இல்லை. கோப்பை இறுதி ஆட்டத்தன்று பை வரவில்லை. காலை எட்டு, ஒன்பது, ஒன்பதரை. செயலாளரும் இன்னொருவரும் பக்கி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த அம்மா கதவைத் திறந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. செயலாளர் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெர்சி எங்கே தங்கச்சி?" என்றார்.

"தொட்டியில ஊறுது அண்ணே. எனக்குக் கை தூக்க முடியல. உங்க நம்பர் 9-க்குக் கை நல்லா வேலை செய்யுது, ராத்திரி பார்த்தேன். அவரையே வந்து பிழிஞ்சு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்புறம் என்ன? ஜூலை மாதக் குளிரில் ஈரச் சட்டையைப் போட யாரும் தயாராக இல்லை. நான் அப்போது வேலை பார்த்த பள்ளியின் சாவி என்னிடம் இருந்ததால் என் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். இருந்தது பெண் பிள்ளைகளின் நெட்பால் மேல்துணிதான், முன்னாலும் பின்னாலும் ஆடும் இடத்தைக் குறிக்கும் எழுத்து போட்டது. ஊரே கூடியிருக்க, நம் பதினொரு சிங்கங்களும் அதைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். கோல்கீப்பருக்குக் கிடைத்தது 'சென்டர்'. நம்பர் 9-க்கு 'விங் டிஃபென்ஸ்'. எதிரணிக்காரர்கள் முதல் பத்து நிமிடம் சிரித்தே ஓட முடியவில்லை. அதற்குப் பிறகு ஓடினார்கள், நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கிளப் கமிட்டி கூடியது. ராத்திரி பதினொன்று வரைக்கும் ஜெர்சியைப் பற்றியே பேச்சு. ஜெர்சியைக் கொண்டுவரத் தவறிய நம்பர் 9-க்கு ஒரு ஆட்டத் தடை, ஐந்து ராண்ட் அபராதம். கண்ணைப் பற்றி மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஐந்து ராண்ட் எங்கிருந்து போனது? மறு வாரம் கடையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அபராதத்தைக் கட்டிவிட்டதால் இந்த வாரம் பருப்பு கிடையாது என்றார். முள்ளின் மேல் சேலை விழுந்தாலும் சரி, சேலையின் மேல் முள் விழுந்தாலும் சரி. கொஞ்ச நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இதே டர்பனின் ஃபீனிக்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். துணி ஆலையில் வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்.

என் இரண்டாவது விஷயமே அந்தப் பருப்புதான். அமெரிக்க பேஸ்பால் லீக் 2015-இல் வீட்டு வன்முறைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. காவல்துறை வழக்குப் போடாவிட்டாலும் லீக் தண்டிக்கலாம். அதில் முதலில் தண்டிக்கப்பட்டவர் அரோல்டிஸ் சாப்மன். காதலியோடு தகராறு, தன் வீட்டுக் கார் ஷெட்டில் எட்டு முறை துப்பாக்கியால் சுட்டார். காதலியை அடித்ததை மறுத்தார், வழக்கும் இல்லை. 2016-இல் சம்பளம் இல்லாமல் 30 ஆட்டத் தடை. அதே வருடம் சிகாகோ அணியோடு 'வேர்ல்ட் சீரிஸ்' என்று அவர்கள் சொல்லும் பட்டத்தை வென்றார். டிசம்பரில் 86 மில்லியன் டாலருக்கு ஐந்து வருட ஒப்பந்தம். அவருக்குத் தடை ஒரு கொசுக்கடி. ஆனால் சின்ன லீக்கில், வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவனை நினைத்துப் பாருங்கள். சம்பளத்தை நிறுத்தினால் வாடகை நிற்கும், பள்ளிக் கட்டணம் நிற்கும். "நீ புகார் கொடுத்ததால்தான் சோறு போச்சு" என்று மாமியார் வீடு முழுக்கச் சொல்லும். அடுத்த தடவை அடி விழுந்தால் அவள் வாயைத் திறப்பாளா?

ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக்கில் 2019-இல் ஒரு விதி வந்தது. பதினோரு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டால், வழக்கு முடியும் வரை ஆட முடியாது. பயிற்சி செய்யலாம், முழுச் சம்பளம் உண்டு. குற்றவாளி என்று யாரும் முத்திரை குத்தவில்லை, சட்டையை மட்டும் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அடியெல்லாம் அந்தப் பதினோரு வருடக் கணக்குக்குள் வந்துவிடாது, அப்போது நிறுத்துவதா வேண்டாமா என்பது லீக் தலைமையின் இஷ்டம், அது அந்த விதியின் ஓட்டை. ஆனாலும் சோற்றில் கை வைக்காமல் புகழில் கை வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதைப் புரிந்துவைத்திருக்கிறது. 1998-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை போடலாம். கூடவே அவசரப் பணம் கொடுக்கவும், வீட்டு வாடகையைக் கட்டவும் அடித்தவனுக்கு உத்தரவு போடலாம். ஆணையை மீறினால் கைது. அதிகாரி அம்மா தலையாட்டுகிறார். பயப்படாமல் போய்க் கேளுங்கள்.

இப்போது என் பழைய பாட்டுக்கு வருகிறேன். கோவில் குழுத் தலைவர் ஐயா புன்னகைக்கிறார், அவருக்கு இது மனப்பாடம். நம் கிளப்புகள், சங்கங்கள், கோவில் குழுக்கள் எல்லாவற்றின் விதிப் புத்தகத்திலும் ஒரே ஒரு பத்தி சேர்க்க வேண்டும். யார் மீது இறுதிப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதோ, அது நீங்கும் வரை அவருக்கு மாலை இல்லை, பொன்னாடை இல்லை, கோப்பையைத் தொடும் உரிமை இல்லை, கேப்டன் பதவி இல்லை, கமிட்டியில் நாற்காலி இல்லை. அபராதம் வேண்டாம். ஆட்டத்துக்கென்று ஏதாவது கொடுத்தால் அது அந்த வீட்டுக்காரம்மா கையில் போகட்டும். விசாரிக்கும் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் அவருடைய மைத்துனனோ, அவர் பாஸ் கொடுத்து கோல் போட்டவனோ உட்காரக் கூடாது.

"அக்கா, விளையாட்டையும் வீட்டையும் ஏன் கலக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் வளர்ந்தவர்கள்! இனவெறியை எதிர்த்த விளையாட்டு மன்றமான சாக்கோஸ் 1973-இல் இதே டர்பனில்தான் உருவானது. "இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது" என்று அவர்கள் சொன்னதை நாம் தெருத்தெருவாகச் சொன்னோம். இனவெறி ஆட்சியோடு ஒத்துப்போய் ஆடியவனோடு ஆட மறுத்தோம், அவன் எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும். நாட்டுக்கே மாலை கிடைக்க விடாமல் செய்த ஜனங்கள் நாம். ஒரு நம்பர் 9-க்கு மாலை இல்லை என்று சொல்ல முடியாதா? பிரிட்டோரியாவில் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் காதலி ரீவா ஸ்டீன்கேம்பைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஷூ கம்பெனி ஒரு வாரத்துக்குள் ஒப்பந்தத்தை நிறுத்தியது. வியாபாரிக்கு இருக்கும் வேகம் கூட நம் கமிட்டிகளுக்கு இல்லை. சென்ற பொதுக்கூட்டத்தில் என் தீர்மானத்தை "இதர விஷயங்கள்" என்று கடைசியில் போட்டு, தேநீர் வந்ததும் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது விஷயம், ரசிகர்களைப் பற்றியது, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். கவுன்சிலருக்கும் வேறு கூட்டம் இருக்கிறதாம்.

பிரியாணி மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், கூட நீலப் பேனா. அந்தப் பத்தி முழுசாக அதில் இருக்கிறது. சம்மதம் என்றால் பெயரும், எந்தக் கிளப், எந்தச் சங்கம் என்பதும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். செயலாளர்கள் முதலில் போட்டால் வரிசை சீக்கிரம் நகரும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னால் எல்லாக் கமிட்டிக்கும் நகல் வந்து சேரும். இந்தத் தடவை நிகழ்ச்சி நிரலில் அதை முதலாவதாகப் போடச் சொல்லிக் கடிதமும் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.