மாஸ்டரின் சைக்கிளும் மூன்றேகால் பஸ்ஸும்

(பாடசாலை மண்டபத்தில் நடந்த ஓராண்டு நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, முதன்மை விருந்தினராக வந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, பழைய மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே (பொருளாளரை விட்டால் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காது), வெளிநாட்டிலிருந்து லீவு எடுத்து வந்திருக்கும் பழைய மாணவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் துணைவியார் அக்கா அவர்களே, பின்வரிசைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். கடைசி முறை விடுபட்ட ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

மூன்று விடயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: மாஸ்டரின் வாழ்க்கை, அவரது பயிற்சி முறை, அவர் விட்டுச்சென்ற பணி. சரி, பார்ப்போம்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் ‘பாஸ்கற்போல் மாஸ்டர்’ என்றால் ஒருவர்தான். ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பதுதான் அவர் வாயில் எப்போதும். பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடப் பழக்கும்போது எங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லித்தான் தாளம் போடுவார்.

தொண்ணூறுகளின் கதை ஒன்று. போரால் வன்னிக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். சீமெந்து வராது, இரும்பு வராது, பற்றரி வராது. பாஸ்கற்போல் கம்பத்துக்கு எங்கே போவது? இரண்டு பனைக்குற்றி நட்டார். கிணற்றுக் கயிற்றில் 10 அடி அளந்து முடிச்சுப் போட்டு உயரம் பார்த்தார். பலகையும் கிடைத்துவிட்டது. வளையம்தான் இல்லை. ஒருநாள் காலை மாஸ்டர் பாடசாலைக்கு நடந்து வருகிறார். “என்ன மாஸ்டர், சைக்கிள் எங்கே?” என்று அதிபர் கேட்க, “அது கம்பத்தில ஏறி நிக்குது சேர்” என்றார்.

முன் ரிம், பின் ரிம் இரண்டையும் கழற்றியிருந்தார்! ஆனால் ரிம்மின் விட்டம் 25 அங்குலம். பாஸ்கற்போல் வளையம் 18 அங்குலம்தான். அப்படியே மாட்டினால் எங்கள் வகுப்பு மொட்டையன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவான். மாஸ்டர் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு ரிம்மிலும் 22 அங்குலம் வெட்டி எறிந்து, கொல்லன் பட்டறையில் சூடாக்கி வளைத்து ஆணி அறைவித்தார். கொல்லர் சலித்துப்போய் “போதும் மாஸ்டர்” என்றபோதும் அதே பழமொழிதான். வலைக்கு முல்லைத்தீவுக் கரையிலிருந்து கிழிந்த மீன்வலை வந்தது. அன்றிரவு அக்கா கேட்டாராம்: “அப்ப நாளைக்கு என்ர தாலிக்கொடியையும் கொண்டுபோய்த் தொங்கவிடப் போறியளோ?” அக்கா சிரிக்கிறார், பாருங்கள். அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

ஆறு மாதம் மாஸ்டர் நடந்தார். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெயிஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது பழக்கூடையைத்தான் ஆணியடித்து மாட்டினாராம். மாடிக் கைப்பிடி 10 அடியில் இருந்தது, கூடையும் அங்கேயே நின்றது, இன்றைக்கும் உயரம் அதேதான். அவருக்குக் கூடையாவது கிடைத்தது.

2009இல் போரின் கடைசியில் எல்லாம் போயிற்று. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் மாஸ்டர் சீலைத் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தோடு பிள்ளைகளைக் கூட்டிவைத்திருந்ததைக் கண்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அதை நான் விரித்துப் பேசமாட்டேன். பேசினால் முடிக்கமாட்டேன்.

இப்போது 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலத்தில் சீமெந்துத் தளம் இருக்கிறது. நல்ல பந்து இருக்கிறது. விளையாடப் பிள்ளைகள் இல்லை. ஏன்? பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. சாப்பிட்டு, வெயில் கொஞ்சம் தணிந்து, பயிற்சி தொடங்க மூன்று மணி. உள்ளூர்க் கிராமங்களுக்குக் கடைசி பஸ் மூன்றேகால்! அதை விட்டால் காட்டு ஓரம் ஏழெட்டுக் கிலோமீற்றர். யானை வரும் பாதை. எந்தத் தாய் பெண்பிள்ளையை விடுவாள்? மாஸ்டர் இருந்தவரை பிள்ளைகளை வரிசையாகச் சைக்கிளில் விட்டு, கடைசிச் சைக்கிளில் தான் போய், ஒவ்வொரு படலையிலும் ஒப்படைத்துவிட்டு வருவார். இப்போது யார் போவது?

வலைப்பந்தில் 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் எங்கள் வடக்கின் உயரமான பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். அந்த வளையமும் 10 அடிதான். உயரமான பிள்ளைகள் வன்னியில் இல்லையா? இருக்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆகவே ஐந்தரை மணிக்கு ஒரு பஸ். அவ்வளவுதான் கேட்கிறோம். மாஸ்டருக்குச் சிலை வேண்டாம், அந்தக் காசுக்கு டீசல் அடிக்கலாம். இதுவரை ஐந்து மகஜர் கொடுத்துவிட்டேன். எங்கே கொடுத்தேன் என்று மேடையில் சொல்லமாட்டேன். அடிமேல் அடி அடித்தாயிற்று, அம்மி இன்னும் அசையக் காணோம். ஆறாவது வாசலடி மேசையில் இருக்கிறது, பேனையும் இருக்கிறது. அக்கா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பணிப்பாளர் அவர்களும் ஒரு பார்வை பார்த்தால் மகிழ்வோம்.

பயிற்சி முறை பற்றி... பின்வரிசைப் பிள்ளைகள் எழும்புகிறார்கள். யாரும் கோபிக்காதீர்கள், மணி மூன்றாகிவிட்டது. போங்கள் பிள்ளைகள், போகிற வழியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.