தண்ணீரில் இறங்கும் பிரேக்

நேயர்களுக்கு வணக்கம். படகு ஏற்றும் டிரெய்லரின் டிஸ்க் பிரேக், ஓடித் தேய்ந்து கெடுவதைவிட நனைந்தபடி நின்று கெடுவதுதான் அதிகம். கடல்நீரில் மூழ்கி எழுந்தால் உப்பு தங்கி, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபர் நகர வேண்டிய பின்களில் துரு ஏறுகிறது.

கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு வீல் மட்டும் கொதிக்கிறதா? டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றாமல், மற்ற வீல்களுக்குக் கட்டை கொடுத்து, அந்த வீலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சுற்றும்போது கரகரத்தால் பேரிங். சுற்றவே மறுத்தால் காலிபரில் பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீச்சியதும் வீல் விடுபட்டால், அழுத்தம் திரும்ப வழியின்றி நின்றிருக்கிறது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸின் உள்சுவர் வீங்கி அடைத்திருக்கும்; வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும், நம்பாதீர்கள். அப்போதும் விடுபடாவிட்டால் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது.

காலிபரைக் கழற்றியதும் கம்பியில் கட்டுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். பின்னில் துரு குழி பறித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பூச வேண்டியது சிலிக்கான் பிரேக் கிரீஸ், அதுவும் மெல்லிசாக. பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி, காலிபர் பின் பழையபடி இறுகும். டிஸ்க்கில் அழுந்தும் பேடில் 3 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை என்றால் மாற்றுங்கள். துரு புகுந்து தகட்டிலிருந்து பெயரத் தொடங்கிய பேடுக்கு எவ்வளவு தடிமன் இருந்தாலும் ஆயுள் முடிந்தது. ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது, ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான வீலில் தொடங்குங்கள். எவ்வளவு எடுத்தும் பிரேக் மெத்தென்றே இருந்தால் இடது காலிபரும் வலது காலிபரும் இடம் மாறியிருக்கலாம்: நிப்பிள் கீழே போய், காற்று மேலேயே சிக்கிக்கொள்ளும்.

பின்னால் தள்ளும்போது மட்டும் பிரேக் பிடிக்கிறதா? டிரெய்லர் வண்டியை முட்டும்போது இணைப்பு அழுந்துவதால் இயங்கும் வகையென்றால், ரிவர்ஸில் பிரேக் அழுத்தத்தைத் தடுக்கும் சொலினாய்டு வால்வுக்கு ரிவர்ஸ் லைட்டிலிருந்து வரும் ஒயரை முதலில் பாருங்கள். காலிபர் மேல் பழி வேண்டாம்.

ஓடி வந்த சூட்டோடு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பேரிங் இருக்கும் ஹப்புக்குள் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுக்கும். வெளியே ஏற்றியதும் நல்ல தண்ணீரால் காலிபர், டிஸ்க், உட்பக்கம் எல்லாம் அலசி, சற்று ஓட்டி, நாலைந்து முறை பிரேக் போட்டு உலர்த்திய பிறகு நிறுத்துங்கள்.