விளம்பரத்தில் ஒரு ஊர், வண்டியில் ஒரு ஊர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வணிகவியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் நுகர்வோர் சட்டம் பற்றி அருமையாக உரையாற்றி அமர்ந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, விளம்பரத் துறையிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, இடம் இல்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். ஐயா அவர்கள் பேசிய மேடையில் அவருக்குப் பின்னால் பேசுவது எனக்குப் பெருமை. கேட்கும் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். "சட்டத்தை ஐயா பேசிவிட்டார், நீங்கள் காரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று அம்மையார் அன்போடு சொல்லி அனுப்பினார்கள். முயற்சி செய்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, கார் விளம்பரத்தில் வட்டார அடையாளம். நான்கு செய்திகள் சொல்லப்போகிறேன். ஊர்ப்பெயர் ஒரு பிராண்டுக்கு எப்படி மவுசு கூட்டுகிறது, அதே ஊர்ப்பெயர் எங்கே காலை வாருகிறது, வாங்குகிறவர் உண்மையைச் சோதிப்பது எப்படி, மின்சாரக் கார்கள் வந்தபின் இதெல்லாம் என்ன ஆகும். நான்குக்கும் அடிப்படை நம் வீட்டுப் பழமொழிதான்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

ஊர்ப்பெயருக்கு மதிப்பு உண்டு என்பதில் சந்தேகமே வேண்டாம். 1965-இலேயே ஸ்கூலர் என்ற ஆய்வாளர் குவாத்தமாலாவில் ஒரே பொருளில் வெவ்வேறு நாட்டுச் சீட்டுகளை ஒட்டி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். பொருள் மாறவில்லை, சீட்டு மாறியது, மதிப்பீடும் மாறியது. கார் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. காரணம் எளிது. கியர்பாக்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஷோரூமில் திறந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாத தரத்துக்குப் பதிலாக, தெரிந்த ஒரு ஊரின் பெயரை மனம் பிடித்துக்கொள்கிறது.

ஆடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பத்தால் முன்னேற்றம் என்ற பொருளில் 'ஃபோர்ஷ்ப்ருங் டுர்ஷ் டெக்னிக்' என்று ஒரு ஜெர்மன் வாசகம். 1980-களில் பிரிட்டிஷ் விளம்பரங்களில் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் இது ஜெர்மன் வண்டி, பொறியாளர்கள் பேசும் பேச்சு என்பது புரிந்துவிட்டது. அர்த்தத்தைவிட உச்சரிப்பு அதிகம் விற்ற கதை அது. அது நின்றதற்குக் காரணம், அதே காலத்தில் குவாட்ரோ என்ற நான்கு சக்கர இயக்கம் அந்த வாசகத்துக்குப் பின்னால் நின்றது. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. நாட்டின் பெயரைக் கூட்டாகக் கட்டிக்கொண்டால், ஒருவர் சறுக்கும்போது எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகனின் டீசல் மோசடி வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 'தாஸ் ஆட்டோ', அதாவது 'கார் என்றால் இதுதான்', என்ற ஜெர்மன் முழக்கத்தைக் கைவிட்டார்கள். அமெரிக்கச் சந்தையில் அந்த மோசடியில் சம்பந்தமே இல்லாத மற்ற ஜெர்மன் பிராண்டுகளின் விற்பனையும் அடிவாங்கியது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள்.

நாட்டின் பெயர் இப்படி என்றால், நாட்டுக்கு உள்ளே இருக்கும் வட்டாரத்தின் பெயர் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் கார் விளம்பரம் மூன்று அடுக்காக நடக்கிறது. மேலே கம்பெனியின் தேசிய விளம்பரம், நடுவில் ஒரு வட்டார டீலர்கள் சேர்ந்து கொடுப்பது, கீழே தனி டீலர் கொடுப்பது. வட்டாரப் பாசம் பெரும்பாலும் நடு அடுக்கில் நுழைகிறது. டெக்ஸாஸ் மாநிலம் பிக்கப் லாரிகளின் கோட்டை. ராம் கம்பெனி மற்ற மாநிலங்களில் 'பிக் ஹார்ன்' என்று விற்கும் அதே வண்டியை டெக்ஸாஸில் 'லோன் ஸ்டார்' என்ற பேட்ஜ் ஒட்டி விற்கிறது. லோன் ஸ்டார் என்பது அந்த மாநிலத்தின் செல்லப்பெயர். அதன் 1500 மாடல் பொருத்தப்படுவதோ வடக்கே மிஷிகனில். டெக்ஸாஸ் மண்ணில், சான் அன்டோனியோவில், 2006 முதல் பொருத்தப்பட்டு வரும் பிக்கப் எது தெரியுமா? டொயோட்டா டண்ட்ரா. பெயரில் டெக்ஸாஸ் இருக்கும் வண்டி வடக்கிலிருந்து வருகிறது, டெக்ஸாஸில் பிறந்த வண்டியை ஜப்பான்காரன் என்கிறார்கள். விளம்பர நண்பர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இது முதலில் தெரியும்.

இப்போது ஒரு கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970-களின் நடுவில் ஷெவர்லே அமெரிக்காவில் ஒரு விளம்பரப் பாட்டுப் போட்டது. பேஸ்பால், ஹாட் டாக், ஆப்பிள் பை, ஷெவர்லே, இந்த நான்கும்தான் அமெரிக்கா என்று அர்த்தம். பாட்டு ஓடியது. ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் அதே அச்சை எடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அங்கே அது ஃபுட்பால், மீட் பை, கங்காரு, ஹோல்டன் கார் என்று ஆனது. தென்னாப்பிரிக்காவில் சுட்ட இறைச்சி விருந்து, ரக்பி, வெயில் வானம், ஷெவர்லே என்று ஆனது. மூன்று நாட்டுக்காரர்களும் "நம்ம மண்ணின் பாட்டு" என்று நெஞ்சைத் தொட்டுப் பாடினார்கள். ஒரு சட்டி, மூன்று அகப்பை!

ஆனால் ஆஸ்திரேலியாவில் அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு உண்மை இருந்தது. ஹோல்டன் என்பது 1856-இல் அடிலெய்டில் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய குடும்பத்தின் பெயர். 1931-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கிவிட்டது. 1948 நவம்பர் 29 அன்று மெல்பர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் ஆலையில் பிரதமர் சிஃப்லி முதல் ஹோல்டனை வெளியிட்டார். 'ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்' என்று விளம்பரம். வடிவமைப்பின் வேர் ஜெனரல் மோட்டார்ஸின் ஊரான டெட்ராய்டில் இருந்தது, முதலாளியும் டெட்ராய்டில் இருந்தார். பரவாயில்லை என்று மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏனென்றால் தகடு அடித்தவனும் வெல்டு வைத்தவனும் பக்கத்துத் தெருக்காரன். புழுதிச் சாலையில் ஓடக்கூடிய வண்டியாகவும் அது இருந்தது.

1978-இல் ஹோல்டனின் கமடோர் என்ற கார் வந்தது. பின்சக்கர இயக்கம், பெரிய எஞ்சின், பின்னால் திறந்த சரக்குப்பெட்டி வைத்த 'யூட்' வடிவம் என்று அது ஆஸ்திரேலியாவின் முகமாகவே ஆனது. பிறகு 2017 அக்டோபர் 20 அன்று அடிலெய்டு அருகே எலிசபெத் ஆலையை மூடினார்கள். 2018-இல் புதிய கமடோர் வந்தது. பெயர் அதே கமடோர், முகப்பில் அதே ஹோல்டன் சிங்கச் சின்னம். வண்டி எங்கிருந்து? ஜெர்மனியின் ரூசெல்ஸ்ஹைமிலிருந்து, ஓப்பல் இன்சிக்னியா! அதற்கு முந்தைய ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் தன் கையிலிருந்த ஓப்பலைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்றுவிட்டது. ஆக, அமெரிக்க முதலாளி, பிரெஞ்சுக்காரரின் கையில் இருக்கும் ஜெர்மன் ஆலையிலிருந்து வாங்கி, ஆஸ்திரேலியச் சிங்கத்தை ஒட்டி விற்றார். அந்த வண்டியில் வி-8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின் இல்லை, பின்சக்கர இயக்கம் இல்லை, யூட் இல்லை. நல்ல கார்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கங்காரு பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் அதில் எதைத் தேடுவான்? 2019 டிசம்பரில் கமடோரை நிறுத்துவதாகச் சொன்னார்கள். 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே ஓய்வுபெற வைத்தார்கள். சட்டியை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டு அகப்பையை மட்டும் ஆட்டினால் என்ன வரும்?

"அப்படியானால் சுபாரு அவுட்பேக்குக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஜப்பான் கம்பெனி, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைக் குறிக்கும் பெயர், 1990-களில் விளம்பரத்துக்கு ஆஸ்திரேலிய நடிகர் பால் ஹோகன், அமெரிக்கச் சந்தைக்கு வண்டி பொருத்தப்பட்டது இந்தியானா மாநிலத்தின் லாஃபயெட்டில். ஊர்க் கணக்கில் பார்த்தால் சுத்தப் பொய். ஆனாலும் அமோகமாக எடுபட்டது. விளம்பரம் காட்டிய கரடுமுரடு வண்டியில் இருந்ததுதான் காரணம். தரையிலிருந்து உயர்த்திய உடல், நான்கு சக்கர இயக்கம், மண்பாதையில் போனால் ஏமாற்றாத ஓட்டம். ஊர் கற்பனையாக இருந்தாலும் ஊர் குறிக்கும் குணம் வண்டியில் இருந்தால் வாங்கியவன் கோபப்படுவதில்லை. என் கட்சிக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் லாஃபயெட் என்று விளம்பரத்தின் ஓரத்தில் போட்டிருந்தால் ஒரு வண்டிகூடக் குறைந்திருக்காது என்பது என் வாதம்.

இரண்டாவது செய்தி, சறுக்கும் இடங்கள். ஐயா மணியைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். பல சந்தைகளுக்கு ஒரே படம் எடுக்கும்போது செய்யும் மலிவான தந்திரம், ஸ்டியரிங்கை இடம் மாற்றப் படத்தைக் கண்ணாடி போலத் திருப்புவது. ஸ்டியரிங் மாறும், கூடவே மாறக்கூடாததெல்லாம் மாறும். பெட்ரோல் மூடி எதிர்ப்பக்கம் போகும், வைப்பர் தவறான பக்கம் படுத்திருக்கும், சைலன்சர் குழாய் இடம் மாறும், டயர் ஓரத்து எழுத்து இடம் வலமாகத் திரும்பி நிற்கும். நம்பர் பிளேட்டையும் டிக்கி மீதுள்ள பெயரையும் மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். அந்த வண்டியை வைத்திருப்பவன் ஒரு நொடியில் பிடித்துவிடுவான். இன்னும் மேலே போனால், படத்தில் ஓடுவது அந்தக் காரே இல்லை. நீளத்தையும் அகலத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய வெறும் சட்டகத்தை ஓட்டிப் படம் எடுத்து, அதன்மேல் கணினியில் காரைப் போர்த்துகிறார்கள். மலைப்பாதை உண்மை, வண்டி சித்திரம். இதில் எந்த மண்ணின் மைந்தன்?

பெயரிலேயே ஊர் வைப்பதில் ஸ்பெயினின் சீயட்டை யாரும் மிஞ்ச முடியாது. இபிசா, டொலேடோ, கோர்டோபா, மலாகா என்று வரிசை. அல்ஹாம்ப்ரா என்ற வேன் கிரானடாவின் அரண்மனைப் பெயர் தாங்கி, போர்ச்சுகலில் செய்யப்பட்டது. அடேகா செக் நாட்டின் க்வாசினியில். மக்கள் வாக்களித்துப் பெயர் சூட்டிய தர்ராகோ ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்கில். பின்விளக்கில் பிரிட்டிஷ் கொடியை எரியவிடும் மினியின் கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள் பல ஆண்டுகள் நெதர்லாந்தின் போர்ன் நகரத்தில் பொருத்தப்பட்டது. யாரும் சட்டம் மீறவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. என் குறை அதுதான்.

கிறைஸ்லர் மட்டும் துணிந்து சொன்னது. 2011 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் விளம்பர இடைவெளியில் இரண்டு நிமிட விளம்பரம், டெட்ராய்டுக்கார ராப் பாடகர் எமினெம் ஓட்டிவருகிறார், முடிவில் 'டெட்ராய்டிலிருந்து இறக்குமதி' என்ற வாசகம். கிறைஸ்லர் 200 பொருத்தப்பட்டது டெட்ராய்டின் புறநகரான ஸ்டெர்லிங் ஹைட்ஸில். கம்பெனியின் கடிவாளம் அப்போது இத்தாலியின் ஃபியட் கையில். ஆனாலும் ஊர் பொய்யில்லை, அதனால் உணர்ச்சி நின்றது. கார் நிற்கவில்லை, 2016 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஊர்ப்பெயர் ஷோரூம் வாசல்வரை கூட்டிவரும், உள்ளே வண்டிதான் பேச வேண்டும்.

மூன்றாவது செய்தி, சோதிப்பது எப்படி. அம்மையார் மன்னிக்க வேண்டும், கொஞ்சம் சட்டம் வருகிறது. அமெரிக்காவில் 1992-இல் ஒரு சட்டம் இயற்றி, 1994 அக்டோபர் முதல் தயாரான ஒவ்வொரு புதுக் காரிலும் ஒரு சீட்டு ஒட்ட வைத்தார்கள். அமெரிக்க, கனடா பாகங்களின் சதவீதம், 15 சதவீதமோ அதற்கு மேலோ கொடுக்கும் மற்ற நாடுகளில் முதல் இரண்டு, இறுதியாகப் பொருத்திய ஊர், எஞ்சின் பிறந்த நாடு, கியர்பாக்ஸ் பிறந்த நாடு. அருமையான சீட்டு, ஆனால் ஓட்டைகள் உண்டு. கனடாவையும் அமெரிக்காவையும் ஒரே கணக்கில் போட்டார்கள். சதவீதம் அந்த மாடல் வரிசையின் சராசரி, உங்கள் முன்னால் நிற்கும் வண்டியினுடையது அல்ல. வெளிச் சப்ளையரின் பாகத்தில் 70 சதவீதம் உள்நாட்டு மதிப்பு இருந்தால் அதை 100 என்று எழுதிக்கொள்ளலாம். இறுதிப் பொருத்தலுக்கான கூலி கணக்கிலேயே வராது. அதனால் சதவீதத்தைவிட ஊரின் பெயரை நம்புங்கள் என்பேன்.

சீட்டு இல்லாத நாட்டில் சேசிஸ் எண் இருக்கிறது. 17 எழுத்துகள், அவற்றில் ஐ, ஓ, க்யூ வராது. முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டு ஓரத்திலோ கதவுத் தூணிலோ பாருங்கள். முதல் எழுத்து பெரும்பாலும் நாட்டைச் சொல்லும். 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான், டபிள்யூ ஜெர்மனி, இசட் இத்தாலி. பதினோராவது எழுத்து பல கம்பெனிகளில் ஆலையின் குறி. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிப் பட்டியல் என்பதால் டீலரிடம் கேட்டுப் பெறுங்கள். தயங்கினால் எழுதிக் கேளுங்கள்.

இதுதான் வாங்குகிறவர்கள் சார்பில் நாங்கள் கேட்பது. விளம்பரத்தில் ஒரு ஊரையோ, கொடியையோ, வட்டார மொழியையோ பயன்படுத்தினால், அந்த மாடல் இறுதியாகப் பொருத்தப்படும் ஊர் அதே திரையில், விலை எழுதும் அதே அளவு எழுத்தில், குறைந்தது மூன்று விநாடி நிற்க வேண்டும். இரண்டு ஆலை என்றால் இரண்டையும் போடட்டும். பாட்டு வேண்டாம், கங்காரு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

நான்காவதாக மின்சாரக் கார். பேட்டரி ஓர் ஊர், மோட்டார் ஓர் ஊர், மென்பொருள் ஓர் ஊர். அதை விரித்துப் பேச இன்று நேரமில்லை, தலைவர் கையைக் காட்டிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன்.

வெளியே போகும் வழியில் மேசையில் கோரிக்கைப் படிவம் வைத்திருக்கிறோம். வண்டியின் மாடல், விளம்பரத்தில் காட்டிய ஊர், சேசிஸ் எண்ணின் முதல் எழுத்து, பதினோராவது எழுத்து, இவ்வளவு எழுதினால் போதும். முழு எண்ணையும் எழுதிவிடாதீர்கள். கடைசி இலக்கங்கள் உங்கள் வண்டியைத் தனியாக அடையாளம் காட்டும், எங்களுக்கு அது தேவையில்லை. பேனா இரண்டுதான் இருக்கிறது, எடுத்துப் போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.