கண் தெரியாதவரின் வீட்டுக்குள் மூன்று கள்ளர்

வணக்கம் உறவுகளே! யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பவும் உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன். இன்றைக்கு எடுத்திருக்கிற படம் ‘டோன்ட் பிரீத்’. 2016இல் வந்தது, ஒன்றரை மணித்தியாலம்கூட வராது. கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காத ஆட்கள் வீடியோவை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாங்கோ. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கதை நடப்பது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில். சனம் எல்லாம் விட்டுவிட்டுப் போய், வீடுகள் பாழடைந்து கிடக்கிற ஒரு தெரு. அங்கே தனியாக இருக்கிறார் ஒரு முன்னாள் இராணுவ வீரர், போரில் கண் பார்வை போனவர். அவருடைய மகள் வாகனம் மோதி இறந்துவிட்டாள். மோதியது வசதியான வீட்டுப் பிள்ளை, பெரிய தொகை கொடுத்து விஷயத்தை முடித்திருக்கிறார்கள். அந்தக் காசு வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று அறிந்து மூன்று இளம் கள்ளர் இரவில் உள்ளே இறங்குகிறார்கள். கிழவர், கண்ணும் தெரியாது, அக்கம்பக்கத்தில் ஆளில்லை. சுலபமான வேலை என்றுதான் அவர்களும் நினைக்கிறார்கள், நாங்களும் நினைக்கிறோம்.

இந்த இடத்தில் இயக்குநர் ஃபெடே ஆல்வாரெஸ் செய்கிற ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கள்ளர் உள்ளே வந்த கையோடு, கமரா வெட்டில்லாததுபோல அந்த வீட்டைச் சுற்றி வருகிறது. சுவரில் சுத்தியல், கட்டிலுக்கு அடியில் துவக்கு, பூட்டுப் போட்ட ஒரு கதவு. யாரும் எதையும் விளக்கவில்லை. ஆனால் அந்தச் சுற்று முடியும்போது வீட்டின் அமைப்பு எங்களுக்கு மனப்பாடம். பிறகு எவர் எந்தப் பக்கம் ஓடினாலும், அங்கே என்ன இருக்கிறது என்று அவரை விட எங்களுக்கு முதலே தெரியும். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் படத்தில் யார் வேட்டையாடுகிறார், யார் இரை என்பதை உடல் பலம் தீர்மானிப்பதில்லை. யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது, அதுதான் தீர்மானிக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். சத்தம் வரக்கூடாது என்று, அந்த மூன்று கள்ளரில் ஒருத்தியான ரொக்கி தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடக்கிறாள். ‘மணி’ (Money) என்ற கூட்டாளி பிடிபட்டுச் சாகிறபோதுகூடத் தான் தனியாகத்தான் வந்தேன் என்று சாதிக்கிறான். கிழவரும் நம்பிவிடுகிறார். பிறகு அந்தச் சப்பாத்து அவரிடம் மாட்டுகிறது. அவ்வளவுதான், வீட்டுக்குள் இன்னும் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்வோமே, அந்தக் கணக்குத்தான். தப்புவதற்காகக் கழற்றிய சப்பாத்தே அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் அதற்கு முதல் இன்னொன்று நடந்திருக்கும், அதைக் கவனித்தீர்களோ? காசு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அவர் பெட்டகத்தைத் திறக்கிறார். அலுமாரிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற ரொக்கி அந்த இலக்கங்களைப் பார்த்துவிடுகிறாள். நடுங்கிக்கொண்டு ஒளிந்திருக்கிறவள் அந்தக் கணத்தில் திரும்பவும் கள்ளியாகிறாள். ஒரே ஆள், ஒரே அலுமாரி. எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, படம் என்னை அந்தச் சங்கடத்திலேயே வைத்திருக்கிறது.

அப்புறம் அந்த நிலக்கீழ் அறை. கிழவர் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார். படம் சாம்பல் நிறமாகிறது. விரிந்த கண்களோடு அவர்கள் காற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள், அவரோ தன் வீட்டில் வழக்கம்போல நடக்கிறார். 90களில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கோடு இரவைக் கழித்த எங்கள் ஆட்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. விமானச் சத்தத்தை வைத்தே அது எது, எந்தப் பக்கம் போகிறது என்று சொன்ன தலைமுறை அது. இருட்டில் காதுதான் உயிரைக் காக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தயவுசெய்து ஹெட்போன் போட்டுப் பாருங்கோ. கோயில் திருவிழா ஸ்பீக்கர் கேட்கிற நாளில் இந்தப் படத்தைத் தொடவேண்டாம், பலகை கிறீச்சிடுகிற ஒவ்வொரு சத்தத்திலும் கதை இருக்கிறது.

கிழவராக நடித்தவர் ஸ்டீபன் லாங், ‘அவதார்’ படத்தில் கேணலாக வந்தவர். வசனம் மிகக் குறைவு. தலையை இலேசாகச் சாய்த்துக் காது கொடுக்கிற விதம் ஒன்றே போதும்.

சரி, எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன். கீழே ஒரு பெண்ணை அவர் அடைத்து வைத்திருக்கிறார். மகளை மோதியவளே அவள். அவர் செய்கிற, செய்ய முயல்கிற காரியம் அருவருப்பின் உச்சம், அதை நான் விவரிக்கப்போவதில்லை. அதுவரை பிள்ளையை இழந்த ஒரு மனிதனின் வீட்டுக்குள் களவெடுக்க வந்தவர்களோடு நாங்கள் சேர்ந்து ஒளிந்திருந்தோம். அந்தக் குற்ற உணர்வுதான் படத்தின் உயிர். அவரைப் பூதமாக்கியதும் எங்கள் மனம் இலகுவாகிவிடுகிறது, ரொக்கி தப்பினால் போதும் என்று ஆகிவிடுகிறது. பயம் குறையவில்லை, ஆனால் சங்கடம் போய்விட்டது. எனக்கு அந்தச் சங்கடம்தான் வேண்டும்.

முடிவில் அது கொஞ்சம் திரும்பி வருகிறது. ரொக்கி காசோடு தப்பிவிடுகிறாள், ஆனால் கிழவரும் உயிரோடு இருக்கிறார். களவெடுக்க வந்த இரண்டு பேரைச் சுட்டதாகச் செய்தி. ரொக்கியைப் பற்றியும் இல்லை, காசைப் பற்றியும் இல்லை. ஒருவரின் இரகசியம் மற்றவரிடம். வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

2021இல் இரண்டாம் பாகம் வந்தது, அதை இயக்கியவர் ரோடோ சயாகெஸ். இதே மனிதரை ஒரு சிறுமியைக் காப்பாற்றப் போராடுகிறவராக மாற்றியிருக்கிறார்கள். முதல் பாகத்தில் அவர் செய்ததைப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. முதலாவதை மட்டும் பாருங்கோ. பார்த்தவர்கள், அலுமாரிக் காட்சியில் யார் பக்கம் நின்றீர்கள் என்று கீழே எழுதுங்கோ, கட்டாயம் வாசிப்பேன். சந்திப்போம்.