காற்று திரும்பும் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் எங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஒரு வரைபடம் சுற்றத் தொடங்கிவிடும். வங்காள விரிகுடாவில் சூறாவளியைக் குறிக்கும் ஒரு சுழி, அதிலிருந்து அது போகும் வழியாக ஒரு கோடு. கோடு நாகப்பட்டினம் பக்கம் போனால், "அது இந்தியாவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

2008இல் வந்த நிஷா சூறாவளி நவம்பர் 27ஆம் திகதி காரைக்கால் அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் 25ஆம் திகதியே யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. 2024 ஃபெங்கல் புதுச்சேரிப் பக்கம் போனது; இங்கே வீடுகளுக்குள் வெள்ளம். அந்தக் கோடு சூறாவளியின் நடுப்புள்ளி போகிற வழியை மட்டுமே காட்டும். மழை முகில்கள் அதற்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வெளியிலும் பரந்து கிடக்கும். பெயர் வைக்கவில்லை என்று அசட்டையாக இருக்கிறவர்களும் உண்டு. காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் பெயர் வைப்பார்கள். மழைக்கு அந்தக் கணக்குத் தெரியாது; பெயரில்லாத தாழமுக்கமும், அதாவது வளியமுக்கம் குறைந்த சுழியும், வயலை மூழ்கடிக்கும்.

சரி, இணையமும் மின்சாரமும் நின்றுபோனால் என்ன செய்வது? காற்றைப் பாருங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழமுக்கத்தின் நடு உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். பைஸ் பலட் என்ற ஒல்லாந்து அறிஞர் 1857இல் எழுதிவைத்த விதி இது. கோட்டையைப் போலவே இதுவும் ஒல்லாந்தர் வழி வந்த சொத்துத்தான்.

இதை எங்கள் கடற்றொழிலாளர்களின் காற்றுப் பெயர்களோடு பொருத்திப் பார்த்தால் நன்றாகப் பொருந்துகிறது. வடகிழக்கிலிருந்து வாடை விடாமல் உரத்து வீசினால், தாழமுக்கம் தென்கிழக்கே, எங்களை நோக்கி வரும் வழியில் நிற்கக்கூடும். காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசினால் அது கிழக்கே கடலில் நகர்கிறது. பிறகு மேற்கிலிருந்து கச்சான் அடித்தால், வடக்கே தாண்டிவிட்டது என்று அர்த்தம். மாறாக, வாடை கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகி, கொண்டல் தெற்குப் பக்கமிருந்து வீசும் சோளகமானால் எங்களுக்குத் தெற்கால் போகிறது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார் வளைகுடாவுக்குப் போனது அந்தத் தெற்கு வழியில்தான். காற்றின் திசை மாறவே இல்லை, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கவனம், அது நேரே வருகிறது. உரத்து வீசிய காற்று சட்டென்று நின்றாலும் வெளியே இறங்காதீர்கள். நடுப்பகுதி தலைக்கு மேல் இருக்கலாம். அடுத்த அடி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

சில கைத்தொலைபேசிகள் வளியமுக்கத்தையும் காட்டும். ஆனால் காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்குக் குறைந்துவிட்டது என்று பதறாதீர்கள். எங்கள் வெப்ப வலயத்தில் அது தினமும் நடப்பது. நேற்று இதே நேரம் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

இனித் தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. புயல் காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளி நீரேரி உயர்ந்து நின்றால், மழைவெள்ளம் வடியப் போக்கிடம் இருக்காது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் நீர் எளிதில் மேலெழும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது அப்படி எழுந்த கடல்தான். ஆகவே வாய்க்காலுக்குள் குப்பை கொட்டிவிட்டு வானத்தைத் திட்டிப் பயனில்லை. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

வீட்டு வேலைகள் உங்களுக்குத் தெரிந்தவை. கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பாருங்கள், வீட்டோடு சாய்ந்த முருங்கையைத் தறியுங்கள். படகுகளைக் கரையில் உயர இழுத்துக் கட்டி, இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் படகுச் சேவை நிற்கும் முன்பே மருந்தும் அரிசியும் எடுத்து வைக்கவேண்டும். பற்றரியில் ஓடும் ஒரு சின்ன வானொலி எல்லா வீட்டிலும் இருக்கட்டும். போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்புறம், கிணறு. சுண்ணக்கல் நிலம் என்பதால் மலக்குழித் தண்ணீரும் வெள்ளமும் கிணற்றுக்குள் விரைவில் இறங்கிவிடும். வெள்ளம் வற்றிய கையோடு அள்ளிக் குடிக்காதீர்கள். இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இட்ட பிறகும், சில நாட்களுக்குக் கொதிக்கவைத்தே குடியுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. நன்றி, வணக்கம்.