காய்மகாரத்துக்கு வழக்கு இல்லை

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எதிரணி நண்பர்களே, திருவிழாக் கொடியேற்றிய நாள் முதல் நவநாள் தவறாமல் வந்து, இன்று இந்தக் கடற்கரை மணலில் பட்டிமன்றம் கேட்க உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கிறிஸ்தவர் அதிகம் அஞ்ச வேண்டியது செயலில் தெரியும் பாவத்துக்கா, மனத்தில் மறைந்திருக்கும் பாவத்துக்கா என்பது இன்றைய வழக்கு. மறைந்திருக்கும் பாவத்துக்கே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், பக்கத்துப் படகின் வலையை அறுத்தவனையும், மீன்பாட்டுக் காசை டாஸ்மாக்கில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவனையும், தடை செய்யப்பட்ட சுருக்குமடி வலையை இருட்டோடு இறக்குகிறவனையும் வரிசையாக நிறுத்தி, "இவர்களால் அழுத குடும்பங்கள் உண்டு, மனத்தில் நினைத்ததால் அழுத குடும்பம் எது?" என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன், ஏனென்றால் அழுத குடும்பங்களில் சில எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசம் என்னும் மறைக்கல்விப் பாடத்திலேயே பதில் இருக்கிறது.

தலையான பாவங்கள் ஏழு என்று படித்தோம். ஆங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம் என்கிற பொறாமை, சோம்பல். இந்த வரிசையில் கொலை இல்லை, களவு இல்லை, பொய்ச்சாட்சி இல்லை. போசனப்பிரியமும் சோம்பலும் ஓரளவு வெளியே தெரியக்கூடியவை என்பதால் அவ்விரண்டையும் பெருந்தன்மையோடு எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன். மற்ற ஐந்தும் உள்ளே முளைப்பவை. இந்த வரிசைக்கு உருவம் கொடுத்தவர்களுள் ஒருவரான 6ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தை பெரிய கிரகோரியார், ஆங்காரத்தை அரசியாகவும் மற்றவற்றை அவளுடைய தளபதிகளாகவும், ஒவ்வொரு தளபதிக்குப் பின்னாலும் ஒரு படை வருவதாகவும் எழுதினார். எதிரணி நண்பர் வரிசையில் நிறுத்தியவர்கள் எல்லாரும் அந்தப் படையின் சிப்பாய்கள்தாம். அரசியை அவர் மேடைக்கே அழைக்கவில்லை.

பத்துக் கட்டளைகளை எடுத்துக்கொள்வோம். ஆறாம் கட்டளை விபசாரத்தையும் ஏழாம் கட்டளை களவையும் விலக்கிவிட்டன. செயல்தான் பெரிது என்றால் அத்தோடு முடித்திருக்கலாம். பிறர் தாரத்தை விரும்பாதே, பிறர் உடைமையை விரும்பாதே என்று ஒன்பதாவதும் பத்தாவதும் எதற்கு வந்தன? கை நீளுவதற்கு முன்பே மனம் நீண்டுவிடுகிறது என்பதால் வந்தன. கோபப்படுகிறவனையும் இச்சையோடு பார்க்கிறவனையும் பற்றி மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதும், மனிதனைத் தீட்டுப்படுத்துவது உள்ளத்திலிருந்தே புறப்படுகிறது என்று மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் அவர் விளக்கியதும் இதே பாதையில்தான். சாவான பாவம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் என்ற மூன்றும் வேண்டும் என்கிறது திருச்சபை. மூன்றில் இரண்டு உள்ளே நடப்பவை என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலுக்குக் காவல் இருக்கிறது. விசைப்படகு கரையை ஒட்டி மீன் பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது. அதையும் மீறினால் கேட்க அதிகாரி இருக்கிறார், ஊர்க் கூட்டம் இருக்கிறது, வீட்டில் மனைவி இருக்கிறார். பக்கத்து வல்லப் படகில் பாறை மீனும் சீலா மீனும் கூடை கூடையாக இறங்கும்போது என் நெஞ்சில் ஏறுகிற எரிச்சலைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

எதிரணித் தலைவி, புனித அருளானந்தர் வேதசாட்சியாக இறந்த ஓரியூரைச் சொன்னார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தர் தலையை வெட்டியது வாளா, நினைப்பா என்று கேட்டார். அந்தச் செம்மணலைப் பொட்டலம் கட்டி வீட்டில் வைத்திருக்கிறவர்கள் இங்கே பலர் இருப்பதால் கொஞ்சம் நின்றே பதில் சொல்கிறேன். மறவர் தலைவர் தடியத்தேவர் அருளானந்தர் கையால் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவு செய்தபோது, விலக்கப்பட்ட மற்ற மனைவியருள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதி குடும்பத்துப் பெண். அந்தப் பெண்ணின் வேதனையை நான் பாவக் கணக்கில் எழுதமாட்டேன்; கணவன் விலக்கினால் எந்தப் பெண்ணுக்கும் வலிக்கும். ஆனால் அந்த வேதனை அரண்மனை வாசலைத் தாண்டியதும் குலப்பெருமைக்கு நேர்ந்த இழுக்காக உரு மாறியது. வாள் விழுந்தது ஓரியூரில். அது தீட்டப்பட்ட இடம் வேறு.

கல்வாரிக்கும் இதே கணக்குத்தான். ஆணி அடித்தவர்கள் உரோமைப் படைவீரர்கள். ஆனால் தலைமைக் குருக்கள் இயேசுவை ஒப்படைத்தது பொறாமையால் என்று பிலாத்துவுக்கே தெரிந்திருந்ததாக மத்தேயுவும் மாற்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். உலகத்தையே உலுக்கிய அந்தச் சாவுக்கு நற்செய்தி காட்டும் காரணம் காய்மகாரம். மனத்தில் நினைத்ததால் அழுத குடும்பம் எது என்று கேட்ட நண்பர், சிலுவையடியில் நின்ற தாயை மறந்துவிட்டார் போலும்.

ஊதாரி மைந்தன் கதையிலும் இளையவனுடைய பாவம் ஊரறிந்தது. பணம் போயிற்று, மானம் போயிற்று, பன்றிக்குப் போட்ட நெற்று கூடக் கிடைக்கவில்லை. அந்த வெட்கமே அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. மூத்தவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவன்தான் விருந்துக்குள் வராமல் வாசலில் நின்றான், உள்ளே போனானா இல்லையா என்று கதை கடைசிவரை சொல்லவில்லை.

இனி, என் வீட்டுக் கதை ஒன்று. என் தந்தை வல்லத்தில் போனவர். ஒரு வருடம் எங்களுக்கு மீன்பாடே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்ல பாடு. தரகரிடம் கடன் வாங்கிப் புது நைலான் வலையும் எடுத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தபோது அவர் வந்து, நாளை இன்ன பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் கடலடியில் உடைந்த படகு ஒன்று கிடப்பது அப்பாவுக்குத் தெரியும். முந்தின வாரம் அவருடைய வலையே அதில் மாட்டியிருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் கண்ணிகளை முடிந்துகொண்டே இருந்தார். மறுநாள் மத்தியானம் அந்தப் புது வலை பாதிதான் கரைக்கு வந்தது. கடனும் வட்டியும் மட்டும் முழுதாக இரண்டு வருடம் ஓடின. அப்பா அறுக்கவில்லை, திருடவில்லை, ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பூசையில் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் என்று மார்பில் தட்டும்போது, அந்த நான்காவது சொல்லில் தன் கை கனத்துப்போகும் என்று படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் என்னிடம் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் நீரோட்டத்தின் மேல்தான் பழி போட்டார். மறு வருடம் அவருக்குப் பிள்ளை பிறந்தபோது, ஞானத்தகப்பனாக நிற்க எங்கள் அப்பாவைத்தான் கூப்பிட்டார். அப்பாவும் போய், சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று அந்தக் குழந்தைக்காக வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு வந்தார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அந்தத் திண்ணையில் நடந்ததை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எழுதுவது என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.